ஓம் என்றால் உய் இல்லை

1. வேலி தெரியுமா?

முதல் நாள் ஷெஃப், அதாவது எங்கள் மேற்பார்வையாளர், என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "குதிரையைப் பற்றித் தெரியுமா?" என்பது. நான் "உய்" என்றேன். பிரெஞ்சில் ஆம் என்பதற்கு உய். வேலை கேட்டுப் போய் நிற்கிறவன் வேறு என்னத்தைச் சொல்லுவான்? எனக்குத் தெரிந்த குதிரை, நெடுந்தீவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போனபோது வெட்டையில் மேய்ந்துகொண்டு நின்ற கட்டாக்காலிக் குதிரைதான். அதையும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. உதைக்கும் என்று சொன்னார்கள்.

ஷெஃப்பின் பெயர் ஜெரார். நோர்மண்டிக்காரர். இளம் வயதில் ஜொக்கியாகப் பந்தயக் குதிரை ஓட்டியவர். விழுந்து விழுந்து ஒரு தோள் மற்றதைவிடப் பதிந்துபோயிருக்கும். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது. "சரி, குதிரையை விடு. வேலி தெரியுமா?" என்றார்.

வேலணையில் பிறந்தவனிடம் வேலி தெரியுமா என்று கேட்கிறார். எங்கள் பக்கத்தில் வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்கு வழக்குப் பேசி, அந்த வழக்குக்கே காணியை விற்ற சனம் இருக்கிறது. இந்த முறை பொய் இல்லாமல் "உய்" என்றேன். மண் கிளறுகிற ஒரு இரும்பு முள்ளையும் மணல் கலந்த மண் ஒரு வாளியையும் கையில் தந்தார்.

அதுவரைக்கும் நான் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பாரிஸின் மார்க்ஸ் டோர்மோயில் நாலைந்து பேராக ஒரு அறையில் இருந்தோம். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் ஒருவர், "குதிரை ஓடுற மைதானத்துக்கு ஆள் எடுக்கினமாம், வெளிக்காத்தில வேலை" என்றார். அந்த வெளிக்காற்று என்ற சொல்லுக்காகவே போனேன். மைதானம் பாரிஸின் மேற்கு முனையில், காட்டை ஒட்டி இருக்கிறது. அதற்குச் சொந்த வேலையாட்கள் உண்டு. அவர்களுக்கு மேலதிகமாக ஆள் கொடுக்கிற ஒரு சின்னக் கொம்பனியில்தான் நான் பென்சன் எடுக்கும்வரை இருந்தேன். கொம்பனியின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னாலும் ஒருத்தருக்கும் தெரியாது.

2. கோபுரம் பார்த்து ஓடுதல்

எங்கள் ஆட்களுக்குக் குதிரைப் பந்தயம் என்றால் மார்க்ஸ் டோர்மோய் பார்களில் பந்தயச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிவியை அண்ணாந்து பார்க்கிறதுதான். அந்த டிவியில் ஓடுவது என்ன ஓட்டம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி பூட்டி ஓடுவதை விட்டால் குதிரை ஓட்டம் இரண்டு வகை. ஒன்று தட்டை ஓட்டம். சும்மா புல்லில் ஓடி முடிப்பது. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். பெரிய தொப்பிப் பெண்களும் ஷாம்பேனும் அந்தப் பக்கம். மற்றது தடை ஓட்டம். அதற்குத்தான் ஸ்டீப்பிள்சேஸ் என்று பெயர். ஸ்டீப்பிள் என்றால் ஆங்கிலத்தில் தேவாலயத்துக் கூர்க்கோபுரம். அந்தக் காலத்தில் இரண்டு குதிரைக்காரருக்குள் பந்தயம் வந்தால், இந்த ஊர்க் கோயில் கோபுரத்திலிருந்து அடுத்த ஊர்க் கோபுரத்தைக் குறி வைத்து ஓடுவார்களாம். பாதை கீதை கிடையாது. குறுக்கே வேலி வந்தால் பாய வேண்டும், வாய்க்கால் வந்தால் பாய வேண்டும், மதில் வந்தாலும் பாய வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஓடியிருந்தால் குதிரைக்கு முன்னம் காணிச் சொந்தக்காரர் கத்தியோடு ஓடியிருப்பார்.

இன்றைக்கு அந்த வேலியும் வாய்க்காலும் மதிலும் மைதானத்துக்குள் செய்து வைத்திருக்கிறார்கள். சின்ன வேலிகள் மட்டும் பாய்கிற ஓட்டம் ஒன்று. அது பழகுகிற குதிரைகளுக்கு. பெரிய ஓட்டத்தில் எல்லாம் வரும்: ஆள் உயர உயிர்வேலி, முன்னுக்கு அகழி வெட்டின வேலி, மண் மதில், சனம் இருக்கிற பக்கத்தில் பெரிய தண்ணீர்ப் பாய்ச்சல். அந்தத் தண்ணீரை நாங்கள் ஆறு என்போம். ஒரே தடைகளை இரண்டாம் சுற்றிலும் பாய வேண்டும். முதற் சுற்றில் குதிரை வடிவாகப் பாயும். இரண்டாம் சுற்றில் களைத்துப்போய், வேலியை நெஞ்சால் கிழித்துக்கொண்டு வரும்.

ஒவ்வொரு வேலிக்கும் இரண்டு பக்கம். ஏறு பக்கம், இறங்கு பக்கம். ஏறு பக்கத்தில் குதிரையின் அழகைப் பார்க்கலாம். படம் பிடிக்கிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள். எங்கள் வேலை இறங்கு பக்கத்தில். குதிரை ஓடி முடிந்த கையோடு உள்ளே போய், குளம்பு பெயர்த்த புல்லை இரும்பு முள்ளால் நிமிர்த்தி, குழிக்கு மண் போட்டு, காலால் மிதித்து, கிழிந்த வேலியில் புதுக் கொப்பு செருகிக் கட்டி, அடுத்த ஓட்டத்துக்கு முன் வெளியில் வந்துவிட வேண்டும். ஒரு குழி விட்டுப்போனால் ஒரு குதிரையின் கால் போகும்.

"பாயேக்கை ஒருத்தரும் விழுறதில்லை, இறங்கேக்கைதான் விழுறது" என்று ஜெரார் சொல்லுவார். இதை நாங்கள் அவரிடமா கேட்டுப் படிக்க வேண்டும்? கடல் பாய்ந்து வந்த சனம் நாங்கள். இங்கே இறங்கின பிறகுதான் எங்களுக்கும் கால் முறிந்தது.

3. பச்சைத் திரை

விழுந்த குதிரை பெரும்பாலும் தானாக எழும்பும். எழும்பி, முதுகில் ஆள் இல்லாமலே மற்றக் குதிரைகளோடு சேர்ந்து ஓடும், பாயும். தான் இன்னும் போட்டியில் இருப்பதாக நினைப்பு. பாவம், அதற்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

எழும்பாவிட்டால் நாங்கள் திரை பிடிப்போம். பச்சைத் துணி, நாலு பக்கமும் தடி. சனத்துக்கும் கமராவுக்கும் தெரியாமல் மறைக்க வேண்டும். உள்ளே மிருக வைத்தியர் தன் வேலையைச் செய்வார். எத்தனையோ தரம் பிடித்திருக்கிறேன். உள்ளே நடந்ததை எழுதப் போவதில்லை. முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

விழுந்தது ஜொக்கி என்றால் வேறு முறை. ஆளைத் தொடக் கூடாது. வைத்தியர் வந்துதான் தொட வேண்டும். முதற் சுற்றில் விழுந்த ஆள் இறங்கு பக்கத்தில் கிடக்கும்போது இரண்டாம் சுற்றுக்குக் குதிரைகள் வந்துவிட்டால்? வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் கிடப்பது குதிரைக்கும் தெரியாது, மேலே இருக்கிறவனுக்கும் தெரியாது. அதற்காகத் தூரத்தில் ஒரு கொடிக்காரன் நிற்பான். ஷெஃப் சொன்னால் அவன் கொடியை ஆட்டி ஓட்டத்தை மறிப்பான். ஷெஃப் நிற்கிற இடத்திலிருந்து எல்லா வேலியும் தெரியாது. வேலிக்காரன் வோக்கியில், அதாவது கையில் இருக்கிற வோக்கிடோக்கியில், சொல்லுகிற சொல்தான் அவருக்குக் கண்.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

4. தாசன்

மரியதாஸ் மன்னார் ஆள். நாங்கள் தாசன் என்போம். பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் தெரிந்த குடும்பம் ஒன்றின் வீட்டில் ஒரு அறையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இல்லாவிட்டால் பூசைக்குப் போவான், ஓட்டம் இருந்தால் சிலுவை போட்டுக்கொண்டு வேலிக்குள் இறங்குவான். பிரெஞ்சு கொஞ்சம், வேலை கூட. அவன் கட்டின வேலியில் கொப்பு அசையாது.

அவனுடைய மனைவி றீற்றாவும் மகளும் மன்னாரில். அவர்களைக் கூப்பிடுவதற்கு அவனிடம் நிரந்தர கொந்திரா இருக்க வேண்டும். அதாவது நிரந்தர வேலை ஒப்பந்தம். எங்கள் கொம்பனி அதுவரை அவனுக்கு சீசனுக்கு சீசன்தான் எழுதிக் கொடுத்தது. மகளுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது. பதினெட்டு முடிந்தால் பிள்ளை என்ற கணக்கில் அவளைக் கூப்பிட முடியாது. இந்த சீசன் முடிய நிரந்தரமாக எழுதுவதாக ஒப்பீஸில் சொல்லியிருந்தார்கள். ஜெராரும் தனக்கு இப்படி ஒரு ஆள் வேணும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். தாசன் செவ்ரானில் இரண்டு அறை வீடு ஒன்றும் பார்த்து வைத்துவிட்டான்.

அவனுக்கு ஒரு பழக்கம். அவனுக்கு மட்டும் இல்லை, எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக. எங்கள் ஊரில் ஆம் என்பதற்கு ஓம். ஆரும் கதைத்தால் "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் ட்ரெயினில் எனக்குப் பக்கத்தில் இருந்து றீற்றாவோடு ஃபோனில் கதைக்கிறான்.

"ஓம்... ஓம்... ஓம் றீற்றா... ஓம்... அது சரிவராது."

ஃபோனை வைத்த பிறகு கேட்டேன். "என்னடாப்பா, அவ்வளவு ஓம் போட்டுட்டுக் கடைசியில சரிவராது எண்டிட்டாய்?"

"அவ காணியை விப்பமோ எண்டு கேட்டவ அண்ணை. நான் ஏலாது எண்டு சொன்னனான்."

"அப்ப ஏன் ஓம் போட்டனீ?"

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். "அவ கதைக்கேக்கை நான் பேசாமல் இருந்தால், லைன் கட் ஆகிட்டுது எண்டெல்லோ நினைப்பா."

அவ்வளவுதான். எங்கள் ஓம் ஒத்துக்கொள்ளுகிற ஓம் இல்லை. காது திறந்திருக்கிறது என்று வாய் சொல்லுகிற ஓம். சொல்லுங்கோ, கேட்டுக்கொண்டிருக்கிறன், மறுமொழி பிறகு வரும் என்பதுதான் அதன் கருத்து. தமிழனுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளைக்காரனுக்கு எப்படிச் சொன்னாலும் விளங்காது.

வோக்கியில் நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் ஓம் ஓம் என்று கதைப்பதைக் கேட்டு மற்ற வேலையாட்கள் சிரிப்பார்கள். "யோகாசனம் தொடங்கிட்டுது" என்று பகிடி பண்ணுவார்கள். பிரெஞ்சில் கதைக்கும்போது தாசன் அந்த ஓம்மை அப்படியே உய் ஆக்கிவிடுவான். மொழிபெயர்ப்புச் சரிதானே?

5. நித்திரை

அந்த சீசனில் ஒரு ஓட்ட நாள். மழை பெய்து விட்டிருந்தது. நிலம் இளகி, குதிரைகள் சறுக்கிச் சறுக்கி இறங்கின. எனக்கு ஆற்றடி. தாசனுக்கு எதிர்ப் பக்கத்தில், மரங்களுக்குப் பக்கத்து உயிர்வேலி. அவனோடு இன்னொருவனும் அங்கே நின்றான்.

பெரிய ஓட்டத்தின் முதற் சுற்றிலேயே ஒரு வேலியில் ஒரு குதிரை விழுந்தது. வைத்தியர் வாகனம் அங்கே நின்றுவிட்டது. அடுத்ததாகத் தாசனின் வேலியில் ஒரு குதிரை மூக்குக் குத்தியது. ஜொக்கி பந்து போல உருண்டு போய்க் கிடந்தான். குதிரை எழும்பிக் குறுக்கே ஓட, தாசனோடு நின்றவன் அதைப் பிடிக்க ஓடினான். அது சரியான வேலைதான். சுற்றித் திரிகிற குதிரை மற்றதுகளில் இடித்தால் இன்னும் கேடு. அதனால் வேலியடியில் தாசன் மட்டும் நின்றான்.

வோக்கியில் ஜெரார் வந்தார். நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"தாசன், ஜெரார் கதைக்கிறன். ஜொக்கி எழும்பிட்டானா?"

"உய்."

"இறங்கு பக்கம் காலியா?"

"உய், உய்."

முதல் உய்யிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அது அந்த ட்ரெயின் ஓம். நான் பொத்தானை அமத்தி "நோன், நோன்", இல்லை இல்லை என்று கத்தினேன். வோக்கியில் ஒருத்தர் கதைக்கும்போது மற்றவரின் குரல் போகாது. ஷெஃப் அந்த நேரம் கதைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லது. அப்ப நான் விடுறன்."

"உய்... ஷெஃப், அவர் நித்திரை. நித்திரை, ஷெஃப்."

மயக்கம் என்பதற்கு அவனுக்குப் பிரெஞ்சில் சொல் தெரியாது. நித்திரை தெரியும். அதைச் சொல்லி முடிப்பதற்கு முன்னமே ஜெரார் சனலை மாற்றிக் கொடிக்காரனுக்கு ஓட்டத்தை மறிக்காமல் விடச் சொல்லிவிட்டார்.

குதிரைகள் வளைவில் திரும்பின. இவ்வளவு தூரத்திலிருந்து நான் என்ன செய்ய? பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கொடி அசையவில்லை என்று தாசனுக்கும் தெரிந்துவிட்டது. அவன் வோக்கியைப் புல்லில் எறிந்துவிட்டு ஓடிப்போய், அந்த ஜொக்கியின் பாதுகாப்புச் சட்டையின் இரண்டு தோளிலும் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தான். நனைந்த புல்லில் இழுபட்டது நல்லதாய்ப் போயிற்று. ஜொக்கியின் கால் ஓடுபாதைக் கம்பிக்கு வெளியில் போகவும் முதற் குதிரை வேலிக்கு மேலால் வரவும் சரியாக இருந்தது. ஜொக்கியில் ஒரு கீறலும் இல்லை. பின்னால் வந்த ஒரு குதிரை அகலமாக இறங்கித் தாசனின் முழங்காலில் மிதித்தது.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவன் புல்லில் இருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் சாம்பலாகிவிட்டது. "அண்ணை, பெடியன் உயிரோடயோ?" என்று கேட்டான். ஓம் என்றேன்.

6. கூட்டம்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஊன்றுகோலில் நடக்கத் தொடங்கியதும் அவனைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க நான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் கொம்பனி ஒப்பீஸிலிருந்து வந்த ஒரு மிசியே, எங்கள் பாசையில் ஐயா. இஸ்திரி குலையாத சேர்ட். அவருக்குப் பக்கத்தில் ஜெரார், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.

எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றினவனைக் கூப்பிட்டு என்ன செய்யப் போகிறார்கள்? கை குலுக்கிக் கொந்திராவைக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். ஏமாந்த சோணகிரி நான்.

ஒப்பீஸ் மிசியே வோக்கிப் பதிவைப் போட்டுக் காட்டினார். உய். உய், உய். உய். பிறகு நித்திரை. அதில் நிறுத்தினார்.

நான் முந்திக்கொண்டேன். "மிசியே, இதைக் கேளுங்கோ. எங்கட பாசையில ஓம் எண்டுறது சம்மதம் இல்லை. நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன் எண்டு அர்த்தம். அதைத்தான் இவர் உய் எண்டவர். இல்லையெண்டால் கடைசியில ஏன் ஆள் நித்திரை எண்டு சொல்லுறார்? எழும்பின ஆள் எப்பிடி நித்திரையாக் கிடக்கும்?"

"அப்படியென்றால் தான் சொன்னதையே மறுத்துப் பேசியிருக்கிறார்" என்றார் அவர். "அது இன்னும் மோசம்."

ஜெரார் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிசியே இப்போது நேரே தாசனைப் பார்த்து, மெதுவாக, பிரித்துப் பிரித்துச் சொன்னார். "ஷெஃப் கேட்டது உங்களுக்கு விளங்கியது, அப்படித்தானே?"

தாசன் முன்னுக்குச் சாய்ந்து, ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டான். "உய்" என்றான்.

"ஆள் எழும்பிவிட்டார் என்று சொன்னீர்கள்."

"உய்... உய்..."

நான் மேசைக்குக் கீழே அவனுடைய நல்ல காலில் உதைத்தேன். "தாசா, வாயை மூடு. அவர் முடிக்கட்டும். நான் சொல்லுறன், நீ பேசாதை."

"ஓம் அண்ணை" என்றான்.

மிசியே சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன், ஏதோ கண்டுபிடித்த சிரிப்பு. "ஓம் என்றால் உய் தானே? வோக்கியில் நாள் முழுக்கக் கேட்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான்" என்றார்.

அந்த மனிதனுக்குத் தமிழில் ஒரு சொல் தெரிந்திருந்தது. அந்த ஒன்றும் பிழையாகத் தெரிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு முடிவும் எழுதிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. மேசையில் குத்தலாமா என்று யோசித்தேன். குத்தினால் எனக்கும் வேலை போகும், தாசனுக்கும் ஒன்றும் வராது.

தமிழில் உய் என்றால் பிழைத்துக்கொள் என்று ஒரு கருத்து இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். தாசனை உய்ய விடாமல் செய்தது அந்த உய்தான்.

"ஆளை இழுத்துக் காப்பாற்றினாரே?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"துணிச்சலான செயல், மறுக்கவில்லை" என்றார் மிசியே. "ஆனால் உய் என்று சொல்லாமல் இருந்திருந்தால் துணிச்சலே தேவைப்பட்டிருக்காது. அதோடு, வைத்தியர் வருமுன் காயப்பட்டவரைத் தொட்டதும் விதிமீறல்."

தாசன் அதையும் "உய்... உய்..." என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

7. புதுச் சொல்

கொந்திரா எழுதவில்லை. சீசன் கொந்திராவும் புதுப்பிக்கவில்லை. முழங்கால் பிறகு வடிவாக மடங்கவே இல்லை. வேலைக் காயம் என்று ஏதோ கொஞ்சக் காசு கிடைத்தது, ஆனால் குடும்பத்தைக் கூப்பிட அது காணாது. மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. மகளைத் தனியே விட்டுவிட்டு வர மாட்டேன் என்று றீற்றா சொல்லிவிட்டாள். அதையும் பிழை என்று சொல்ல முடியாது. செவ்ரானில் பார்த்து வைத்த வீட்டுக்கு வேறு யாரோ குடி வந்தார்கள்.

லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர், "தவளை தன் வாயால கெடும் எண்டு சும்மாவோ சொன்னவை?" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "தவளை கத்தாட்டிலும் பாம்பு தின்னும் அண்ணை. அதுக்குப் பசி" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். தேத்தண்ணியும் முடிக்கவில்லை.

ஜெரார் ஒருநாள் உடுப்பு மாற்றுகிற அறையில் என் பக்கத்தில் வந்து இருந்தார். "நான் ஓடின காலத்தில என்னையும் ஒருத்தன் இப்பிடி இழுத்து வெளியில போட்டவன். அவன் ஆரெண்டு நான் கேட்கவே இல்லை" என்றார். பிறகு சப்பாத்தைக் கட்டினார். கூட்டத்தில் அந்த வாய் திறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். கெட்ட மனிதர் இல்லை. வெறுமனே கெட்டவராக இல்லாமல் இருக்கிறவர்களால் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பதை அன்றைக்குத்தான் படித்தேன்.

அந்த ஜொக்கிப் பெடியன் சுகமாகி வந்தான். ஓட்டத்துக்கு முன்னம் ஜொக்கிகள் காலால் நடந்து நிலம் பார்ப்பார்கள். அப்படி வந்தபோது அந்த வேலியைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. "அந்த மிசியே எங்கே?" என்று கேட்டான். இப்போது இங்கே இல்லை என்றேன். "என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்" என்றான். சொன்னேன்.

இனித்தான் இருக்கிறது பெரிய பகிடி. அடுத்த சீசன் தொடங்குகிற அன்று ஒப்பீஸ் மிசியே எல்லோரையும் கூப்பிட்டுப் புதுச் சட்டம் ஒன்று சொன்னார். இனி வோக்கியில் உய் என்ற சொல்லே பாவிக்கக் கூடாதாம். கேட்கிறது என்றால் "ரெசு", அதாவது கிடைத்தது என்று சொல்ல வேண்டுமாம். இடம் காலி என்றால் "காலி" என்றே சொல்ல வேண்டுமாம். "எங்களிடம் பல மொழிக்காரர் வேலை செய்கிறார்கள். சிலருடைய மொழியில் உய் என்பதற்கு வேறு கருத்தும் இருக்கலாம்" என்று விளக்கமும் தந்தார். தன் சொந்த மண்டையில் உதித்த மாதிரி.

நான் கையை உயர்த்தினேன். "மிசியே, அப்ப தாசன்?"

"அது வேறு விசயம்" என்றார்.

பென்சன் எடுக்கும்வரை புதிதாக வருகிற எங்கள் ஆட்களுக்கு நான்தான் வேலை பழக்கினேன். முதல் நாள் முள்ளும் கொடுப்பதில்லை, மண்ணும் கொடுப்பதில்லை. வோக்கியைக் கையில் கொடுத்து, நான் கதைக்கக் கதைக்க வாயைத் திறக்காமல் கேட்கப் பழக்குவேன். அது லேசில்லை. சிரிப்பார்கள், நெளிவார்கள், தன்னை அறியாமல் ஓம் வந்துவிடும். "கேட்கிறது காதின்ரை வேலை, அதுக்கு வாய் சாட்சி சொல்லத் தேவையில்லை" என்று திருப்பித் திருப்பிச் சொல்லுவேன். வெள்ளைக்காரனிடம் வேலை செய்யப் போகிற பிள்ளைகளுக்கு இதுதான் என்னுடைய பாடம். தெரியாததற்கு, பிடிக்காததற்கு, விளங்காததற்கு முதல் சொல்லாக நோன் வரட்டும். உங்களுடைய மரியாதையை அவர்கள் சம்மதம் என்று எழுதிக்கொள்ளுவார்கள்.

தாசனுக்கு அந்தப் பாடத்தை நான் சொல்லவில்லை. அவனாகவே படித்துவிட்டான். இப்போது லெ பிளாங்-மெனிலில் ஒரு கடையின் பின்பக்கத்தில் இருந்துகொண்டு மரக்கறி துப்புரவாக்குகிறான். நான் ஃபோன் எடுத்துக் கதைத்தால் மறுபக்கம் ஒரு சத்தமும் வராது. "தாசா, லைனில இருக்கிறியோ?" என்று நான்தான் இடைக்கிடை கேட்க வேண்டும். "இருக்கிறன் அண்ணை" என்பான். பிறகும் சத்தம் இல்லை.

போன மாதம் மன்னாரிலிருந்து றீற்றா எனக்கு ஃபோன் எடுத்தாள். மகளுக்குக் கலியாணம் பேசி வந்திருக்கிறதாம், தகப்பனிடம் கேட்டாளாம்.

"அண்ணை, அவருக்கு என்னில ஏதும் கோவமோ?" என்றாள். "முந்தி நான் என்ன கதைச்சாலும் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருப்பார். இப்ப நான் தனியக் கதைச்சு முடிக்கிறன். ஒரு ஓம் கூடச் சொல்லுறார் இல்லை."

"ஓம் பிள்ளை" என்றேன். "ஓம்... ஓம்..."

அவள் அழுதுகொண்டே தொடர்ந்து கதைத்தாள். என் ஓம்மை அவள் பிழையாக எடுக்கவில்லை.